மூத்தம்மா என்றால் 27 பைட்

கொஞ்சம் நீளமான பதிவு. லெப்டொப்பில் பத்து வருட வினாத்தாள்களையும் பிள்ளைகளின் போட்டோக்களையும் வைத்திருக்கும் ஆசிரிய நண்பர்கள் பொறுமையாக வாசியுங்கள். மற்றவர்கள் ஒரு லைக் போட்டுவிட்டுக் கடந்து போனாலும் கோபிக்க மாட்டேன்.

எங்கள் வீட்டில் 2004 டிசம்பர் 26 க்கு முந்திய ஒரு போட்டோகூட இல்லை. உம்மா வாப்பாவின் கலியாணப் படம் இல்லை. நான் முதலாம் ஆண்டுக்குப் போன நாளில் எடுத்த படம் இல்லை. மருதமுனையில் கடற்கரைப் பக்கம் இருந்த எத்தனையோ வீடுகளில் இதே கதைதான். உயிர்களைப் பறிகொடுத்த குடும்பங்களுக்கு முன்னால் இதை ஓர் இழப்பென்று சொல்லவே வாய் கூசும். ஆனாலும் மூத்தாப்பா எப்படி இருப்பார் என்று என் மகள் கேட்டால் காட்டுவதற்கு என்னிடம் ஒன்றுமில்லை. “மாமாவின் மூக்கு மாதிரி, சின்ன வாப்பாவின் நெற்றி மாதிரி” என்று ஆட்களைக் கூட்டிக் கூட்டித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. அதனால் கணினியில் இருப்பதை இன்னோர் இடத்தில் பிரதி எடுத்து வைப்பது எனக்குப் பொழுதுபோக்கு வேலை அல்ல.

அவர் கட்டாரிலிருந்து லீவில் வந்தபோது ஒரு நாஸ் பெட்டி கொண்டு வந்தார். தெரியாதவர்களுக்கு: அது ரவுட்டரோடு கேபிளால் இணைத்து வைக்கிற ஒரு சின்னப் பெட்டி. உள்ளே இரண்டு ஹார்ட் டிஸ்க். வீட்டிலுள்ள லெப்டொப், போன் எல்லாம் நெட்வேர்க் ஊடாக அதில் எழுதலாம். ஒரு டிஸ்க்கில் எழுதுவது அப்படியே மற்றதிலும் எழுதப்படும், ஒன்று பழுதானால் மற்றது இருக்கும். லெப்டொப்பில் ஒரு பேக்கப் மென்பொருளைப் போட்டு, ஒவ்வொரு நாளும் இரவு 9 மணிக்குப் புதிய கோப்புகளை அந்தப் பெட்டிக்கு அனுப்பச் சொல்லி வைத்தோம். ஒரு வருடத்துக்கும் மேல் அது ஓடியது. கீழே மூலையில் பச்சை நிறத்தில் ஒரு சரி அடையாளம் வரும்.

பிறகு வந்தது 2025 பெப்ரவரி 9. பாணந்துறை உபமின் நிலையத்தில் குரங்கு பாய்ந்ததென்று நாடு முழுக்கக் கரண்ட் போன அந்த ஞாயிற்றுக்கிழமை. உலகம் முழுக்க நம்மைப் பார்த்துச் சிரித்த நாள். சிரிப்பெல்லாம் முடிந்து கரண்ட் வந்த பிறகு லெப்டொப் சொல்கிறது, நாஸைக் காணவில்லையாம். பெட்டி கண்முன்னால் இருக்கிறது, விளக்கு எரிகிறது, ஆனால் காணவில்லை.

இந்த இடத்தில்தான் பலர் பெட்டியைக் கழற்றிக் கடைக்குக் கொண்டு போகிறார்கள். தேவையில்லை. வீட்டு ரவுட்டர்தான் ஒவ்வொரு கருவிக்கும் ஓர் இலக்கத்தைக் கொடுக்கிறது, வீட்டு விலாசம் மாதிரி. கரண்ட் போய் வந்தால் அது புதிய ஒழுங்கில் இலக்கங்களைப் பங்கிடக்கூடும். நாஸுக்கு முதலில் இருந்த இலக்கம் இப்போது மகளின் டெப்பிடம் போயிருந்தது. லெப்டொப் பழைய விலாசத்தில் போய்க் கதவைத் தட்டிக்கொண்டிருந்தது. ரவுட்டரின் செட்டிங்ஸுக்குள் போய், நாஸுக்கு இந்த இலக்கம்தான், வேறு யாருக்கும் கொடுக்காதே என்று ஒதுக்கி வைத்தேன். ஐந்து நிமிட வேலை.

இன்னொன்றையும் செய்தோம். ஒரு சின்ன யூபிஎஸ் வாங்கி, அதிலிருந்து யூஎஸ்பி வயர் ஒன்றை நாஸுக்குக் கொடுத்தோம். கரண்ட் போனால் யூபிஎஸ் அந்த வயர் வழியாகத் தகவல் சொல்லும், நாஸ் எழுதிக்கொண்டிருப்பதை முடித்து ஒழுங்காக மூடிக்கொள்ளும். 2022 இல் மணிக்கணக்கில் இருட்டில் இருந்த நமக்கு இதன் அருமை விளங்கும். எழுதிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போவதுதான் டிஸ்க்குக்குக் கெடுதி.

அடுத்தது பாஸ்வேர்ட். சரியான பாஸ்வேர்ட்டைக் கொடுத்தாலும் “அனுமதி இல்லை” என்றது. இதற்குப் பொதுவாக இரண்டு காரணங்கள். ஒன்று, விண்டோஸ் பழைய பாஸ்வேர்ட்டை ஞாபகம் வைத்துக்கொண்டு நமக்குத் தெரியாமலே அதையே கொடுத்துக்கொண்டிருக்கும். கிரெடென்ஷியல் மெனேஜர் என்ற இடத்தில் போய் அந்தப் பழைய பதிவை அழித்துவிட வேண்டும். மற்றது, பாஸ்வேர்ட் இல்லாமல் விருந்தாளியாக நுழைய விட்டிருந்த வீடுகளுக்கு. விண்டோஸ் 11 இன் 24எச்2 பதிப்பிலிருந்து, புரோ வகையில் இப்படி விருந்தாளியாக நுழைவது மூடப்பட்டிருக்கிறது. பாதுகாப்புக்காகத்தான். அதைத் திரும்பத் திறந்துவிடுவது எப்படி என்று யூடியூப்பில் ஆயிரம் பேர் சொல்லித் தருகிறார்கள். திறக்காதீர்கள். எஸ்எம்பி 1 என்ற பழைய முறையைத் திரும்பப் போடச் சொன்னாலும் போடாதீர்கள். 2017 மே மாதம் உலகையே ஆட்டிய வனாக்ரை அந்த ஓட்டையால்தான் பரவியது. நாஸில் ஒரு பெயரும் நல்ல பாஸ்வேர்ட்டும் உண்டாக்கிக் கொடுத்தால் வேலை முடிந்தது. எங்கள் வீட்டில் முதலாவது காரணம்தான்.

மூன்றாவது, வேகம். என்னிடம் இருப்பது 310 ஜிபி. பின் அறையிலிருந்து வைபையில் அனுப்பினால் செக்கனுக்கு 4 எம்பிதான் போனது. கணக்குப் பார்த்தால் முழுவதும் போக 21 மணித்தியாலம் வேண்டும். இடையில் லெப்டொப் தூங்கிவிடும், பேக்கப் பாதியில் நிற்கும், மறுநாள் திரும்பவும் தொடங்கும். சரியென்று கேபிளால் இணைத்தால் 11 எம்பிக்கு மேல் ஏறவில்லை. இந்த 11 என்ற எண்ணைக் கண்டால் கேபிளைச் சந்தேகியுங்கள். உள்ளே எட்டு வயர்கள், நான்கு சோடி. நான்கு சோடியும் வேலை செய்தால்தான் 1000 வேகம் வரும். ஒரு சோடி பிடிக்காமல் போனால் கருவிகள் தங்களுக்குள் பேசி 100 வேகத்துக்கு இறங்கிவிடும், அதற்கு இரண்டு சோடி போதும். பழுது என்று எந்த அறிவித்தலும் வராது. மெதுவாக வேலை செய்யும், அவ்வளவுதான். வகுப்பில் பின் வாங்கில் சத்தமில்லாமல் இருக்கும் பிள்ளை மாதிரி, பிரச்சினை இருப்பதாகவே தெரியாது. கேபிளை மாற்றினேன், 80க்கு ஏறியது.

இவ்வளவும் செய்தது நான்தான் என்றாலும், இடையிடையே வட்ஸ்அப்பில் வழி சொன்னவர் என் பழைய மாணவர் ஒருவர். தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு இப்போது கொழும்பில் வேலை. நான் கல்வியியற் கல்லூரி முடித்து முதல் நியமனம் பெற்ற வருடம் என் வகுப்பில் இருந்தவர். சந்தி விதிகளைக் கண்டால் ஓடுவார். அவர் ஒரு கேள்வி கேட்டார்.

“டீச்சர், எல்லாம் போகுது எண்டு சொல்றீங்க. ஒண்ட எடுத்துத் திரும்பத் திறந்து பாத்தீங்களா?”

நான் எதையும் இரண்டு தரம் பார்க்கிறவள். வினாத்தாளை அச்சுக்குக் கொடுக்க முதல் புள்ளிகளைக் கூட்டிப் பார்ப்பேன், வந்த பிறகும் கூட்டிப் பார்ப்பேன். அன்று இரவே உட்கார்ந்தேன். வேறொரு லெப்டொப்பில் வெறும் போல்டர் ஒன்றை உண்டாக்கி, நாஸிலிருந்து கண்டபடி கோப்புகளைத் திருப்பி எடுத்தேன். தவணைப் பரீட்சைத் தாள்கள் திறந்தன. மகளின் படங்கள் திறந்தன. மூத்தம்மாவின் கவிகள் இருக்கும் போல்டரைத் திறந்தேன். 44 பதிவுகள் இருக்க வேண்டிய இடத்தில் 6 இருந்தன.

மூத்தம்மா சம்மாந்துறையிலிருந்து இங்கே வாழ்க்கைப்பட்டு வந்தவர். நெல் குத்தும்போதும் வயலிலும் பெண்கள் பாடிய கவிகள் அவருக்கு நிறையத் தெரியும். எங்கள் பக்கத்தில் அந்தத் தலைமுறையோடு போய்க்கொண்டிருக்கும் சொத்து அது. கேட்டால் வெட்கப்படுவார், “இதெல்லாம் வயசான காலத்துல பாடுற பாட்டா மனே” என்பார், பிறகு தானாகவே தொடங்கிவிடுவார். 2016 தொடக்கம் போனில் பதிந்து வந்தேன். 2021 இல் மௌத்தானார். பதிந்த போனும் அதற்கு முதலே செத்துவிட்டது. லெப்டொப்பில் ஒரு பிரதி, நாஸில் ஒரு பிரதி. அந்த நாஸ் பிரதியில்தான் 38 இல்லை.

பேக்கப் மென்பொருளின் அறிக்கையைத் திறந்தேன். மேலே பச்சையில் “முடிந்தது”. அதன் கீழே சாம்பல் நிறத்தில், சின்ன எழுத்தில், 53 கோப்புகள் தவிர்க்கப்பட்டன. இன்னும் உள்ளே போனால் ஒவ்வொன்றுக்கும் காரணம்: கோப்பின் பெயர் மிக நீளம்.

நீளமா? விண்டோஸில் ஒரு கோப்புக்கு 255 எழுத்து வரை பெயர் வைக்கலாம். நான் வைத்த பெயர்களில் மிக நீளமானது இது: “மூத்தம்மா பாடிய நெல்லுக் குத்தும் கவி பெருநாளைக்கு மறுநாள் பின்னேரம் கிணற்றடியில் பதிந்தது 2018”. எண்ணிப் பார்த்தேன். குற்று, கொம்பு, புள்ளி, இடைவெளி, கடைசியில் ஒட்டும் கோப்பு வகை எல்லாம் சேர்த்து 99. பாதிகூட இல்லை.

விசயம் இதுதான். விண்டோஸ் எழுத்துகளை எண்ணுகிறது. நாஸ் பெட்டிக்குள் ஓடுவது பெரும்பாலும் லினக்ஸ். லினக்ஸின் கோப்பு முறைகள் எழுத்தை எண்ணுவதில்லை, பைட்டை எண்ணுகின்றன. அங்கேயும் எல்லை 255தான், ஆனால் 255 பைட். ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட். யுனிகோட் தமிழ் அங்கே சேமிக்கப்படும் யூடிஎஃப் 8 முறையில், நம்முடைய ஒவ்வொரு குறியீட்டுக்கும் 3 பைட். அதுவும் நாம் எண்ணுகிற மாதிரி அது எண்ணாது. “மூத்தம்மா” என்பதை நான் வகுப்பில் ஐந்து எழுத்தென்று சொல்லிக் கொடுப்பேன்: மூ, த், த, ம், மா. கணினிக்கு அது ஒன்பது. ம தனி, அதன் நெடில் குறி தனி, த தனி, மேலிருக்கும் புள்ளி தனி. ஒன்பது மூன்று இருபத்தேழு. அதையே ஆங்கிலத்தில் கிரேண்ட்மதர் என்று எழுதினால் 11 எழுத்து, 11 பைட்.

அந்தக் கிணற்றடிப் பெயருக்கு 261 பைட் வந்தது. எல்லையை ஆறு பைட் தாண்டியதற்காக அந்தக் கவி இரண்டு டிஸ்க்கிலும் ஏறவில்லை. அதைவிடச் சின்னப் பெயர்களும் ஏன் ஏறவில்லை என்று பார்த்தால், என் மென்பொருள் பழைய பிரதியையும் புதியதையும் பிரித்தறிய ஒவ்வொரு பெயரின் பின்னாலும் திகதியையும் நேரத்தையும் ஒட்டி வைக்கிறது. அதற்கு ஒரு 26 பைட். ஆகவே 230 பைட் பெயர்கூடத் தாண்டிவிடும். 230 பைட் என்றால் தமிழில் ஒன்பது பத்துச் சொல்தான்.

இதில் ஒரு வேடிக்கை. பழைய வினாத்தாள்கள் ஒன்றுகூடத் தவறவில்லை. அதெல்லாம் பாமினி காலத்தவை. ஆங்கில எழுத்தில் பேப்பர் ஒன், பைனல், பைனல் பைனல் என்று பெயர் வைத்த கோப்புகள். அப்படியே போய்ச் சேர்ந்திருந்தன. தவறிய 53 இல் கவிகள் போக மீதி 15 உம் என் மாணவிகளின் கட்டுரைகள். அவர்களின் பெயர், வகுப்பு, தலைப்பு எல்லாம் தமிழில் எழுதிச் சேமித்தவை. ஒழுங்காகத் தமிழில், யுனிகோட்டில், என்ன என்று விளங்கும்படி பெயர் வைத்த கோப்புகள் மட்டும் தேர்ந்தெடுத்தது போல வெளியே நின்றன. தமிழ்ப் பாட ஆசிரியைக்கு இது கொஞ்சம் வலிக்கும்.

“டீச்சர், பேரச் சுருக்குங்க, அவ்வளவுதான்” என்றார் மாணவர். சொல்வது லேசு. அந்தப் பெயர் அலங்காரத்துக்கு வைத்ததல்ல. யார் பாடியது, எந்த வேலைக்குப் பாடும் கவி, எப்போது, எங்கே என்பதெல்லாம் அதில்தான் இருக்கிறது. சத்தத்தை மட்டும் காப்பாற்றி இதை விட்டுவிட்டால், இருபது வருடம் கழித்து என் மகளின் கையில் யாரோ ஒரு வயதான பெண் பாடும் 44 ஒலிப்பதிவுகள் இருக்கும், அவ்வளவுதான்.

பெயரைத் தொடாமலே செய்வதற்கு வழி இருக்கிறது. சில பேக்கப் மென்பொருள்கள் கோப்புகளைத் தனித்தனியாக வைக்காமல் ஒரே பெரிய பொதியாகக் கட்டி அனுப்பும். பொதியின் பெயர் மட்டும்தான் நாஸுக்குத் தெரியும், உள்ளே இருக்கும் பெயர்களைப் பற்றி அதற்குக் கவலையில்லை. நல்ல முறைதான். ஆனால் அந்த மென்பொருள் இல்லாமல் பொதியைத் திறக்க முடியாது. எனக்குப் பிறகு இதைத் திறக்கப் போகிறவர் எந்த மென்பொருளும் இல்லாமல் ஒரு போல்டரைத் திறந்து கேட்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்பது என் விருப்பம். ஆகவே கவி 01, கவி 02 என்று சின்னப் பெயர்களாக மாற்றினேன். விபரங்களுக்கு ஒரு பட்டியல் கோப்பு, அதே போல்டரில். அதையே ஒரு சீஆர் கொப்பியிலும் கையால் எழுதினேன். சிரிக்க வேண்டாம், கொப்பிக்கு பைட் கணக்கு இல்லை.

பட்டியல் எழுத உம்மாவைப் பக்கத்தில் இருத்திக்கொண்டேன். அது இரண்டு வாரம் எடுத்தது, நாஸ் வேலை எல்லாவற்றையும் விட அதிகம். இரவு இஷாவுக்குப் பிறகு ஒவ்வொன்றாகப் போடுவேன். நான் “நெல்லுக் குத்தும் கவி” என்று எழுதி வைத்திருந்த ஒன்றைக் கேட்டுவிட்டு உம்மா சொன்னார், அது குத்தும்போது பாடுவதல்ல, குத்தி முடித்துக் களைத்து இருக்கும்போது ஒருத்தி மற்றவளைச் சீண்டுவதற்குப் பாடுவது. இன்னொன்றில் பின்னால் ஒரு குரல் சிரிக்கிறது. “அது எண்ட மாமி, அவ மௌத்தாகி எவ்வளவு காலம்” என்றார். அந்தப் பதிவில் அவர் இருப்பது அதுவரை எனக்குத் தெரியாது. பட்டியலில் ஒரு நிரல் கூடியது: பின்னால் கேட்கும் குரல்கள்.

இப்போது 44 உம் நாஸில் இருக்கின்றன. எல்லாவற்றையும் திருப்பி எடுத்துக் கேட்டுப் பார்த்தாகிவிட்டது. ஆனால் நாஸ் இருப்பது கடலிலிருந்து அரைக் கிலோமீற்றர் கூட இல்லாத வீட்டில். அந்த இரண்டு டிஸ்க்கும் ஒரே பெட்டிக்குள், ஒரே அலுமாரியின் மேல். ஒன்று பழுதானால் மற்றது உதவும். தண்ணீர் வந்தால் இரண்டும்தான் போகும். கள்வன் வந்தாலும் அப்படித்தான். நான் ஒரு கோப்பைத் தவறி அழித்தால் அதே நொடியில் இரண்டிலும் அழியும். லெப்டொப்பில் வைரஸ் வந்து கோப்புகளைப் பூட்டினால், லெப்டொப் எழுதக்கூடிய இடத்தையெல்லாம் அதுவும் எழுதும், நாஸ் உட்பட.

பெரிய இடத்துக்கே இது நடந்திருக்கிறது. 2023 இல் நம் அரசாங்கத்தின் கிளவுட் சேவையில் ரென்சம்வெயார் புகுந்தது. கவ் டொட் எல்கே மின்னஞ்சல்கள், அமைச்சரவை அலுவலகத்தினதும் சேர்த்து, சுமார் 5000 முகவரிகள். சேவையைத் திரும்ப எழுப்பினார்கள். ஆனால் மே 17 இலிருந்து ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் போனது போனதுதான். அந்தக் காலத்துக்கு, தொடர்பைத் துண்டித்து வேறாக வைத்த பிரதி இருக்கவில்லை.

மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறிடத்தில் என்று 3 2 1 விதியொன்று சொல்வார்கள். பீட்டர் குரோக் என்ற புகைப்படக் கலைஞர் பரப்பியது. என்னைக் கேட்டால் அதில் கடைசி 1 தான் முக்கியம். ஒரு யூஎஸ்பி ஹார்ட் டிஸ்க் வாங்கி, எல்லாவற்றையும் பிரதி செய்து, மாவனல்லையில் இருக்கும் தங்கச்சியிடம் கொடுத்துவிட்டேன். பெருநாளைக்குப் பெருநாள் அவள் வரும்போது கொண்டு வருவாள், நான் புதியதைச் சேர்த்துக் கொடுப்பேன். மற்ற நாட்களில் அது எந்தக் கணினியோடும் பொருத்தப்படாமல் அவளுடைய அலுமாரியில் சாரிகளுக்கு நடுவில் கிடக்கும். மலைநாட்டுப் பக்கம் மண் சரிவு இருக்கிறதே என்றாள். இருக்கட்டும், கடலும் மலையும் ஒரே நாளில் வராது என்றேன்.

ஆசிரிய நண்பர்கள் இன்றைக்கே ஒரு வேலை செய்யலாம். உங்கள் பேக்கப்பில், நாஸோ பென் டிரைவோ எதுவானாலும், தமிழில் நீளப் பெயர் வைத்த கோப்பு ஒன்றைத் தேடுங்கள். வட்ஸ்அப்பில் வரும் பீடிஎஃப்களில் நிறைய இருக்கும். பென் டிரைவில் பெரும்பாலும் இருக்கும், அது எழுத்தைத்தான் எண்ணும். நாஸில் இல்லாவிட்டால் பைட்டை எண்ணிப் பாருங்கள். பெயரை 60 எழுத்துக்குள் வைத்துக்கொண்டால் திகதியை ஒட்டினாலும் இடம் காணும். தமிழில் பெயர் வைப்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

கடைசியாக ஓர் உதவி. கவி 17, 29, 41 மூன்றும் என்ன வேலைக்குப் பாடுவதென்று உம்மாவுக்கும் தெரியவில்லை. சம்மாந்துறை, நிந்தவூர், அக்கரைப்பற்றுப் பக்கம் வீட்டில் வயதான பெண்கள் இருப்பவர்கள் இன்பொக்ஸில் சொல்லுங்கள், ஒலிப்பதிவை அனுப்புகிறேன். அவர்களுக்குப் போட்டுக் காட்டி, என்ன சொல்கிறார்கள் என்று அவர்கள் சொல்கிற மாதிரியே எழுதி அனுப்பினால் போதும். பட்டியலில் அந்த மூன்று வரிகளும் இன்னும் வெறுமையாகத்தான் இருக்கின்றன.